சக்கை பிஸ்கற்

சாறு பிழிந்த பிளாக்கரண்ட் பழச் சக்கை தொழிற்சாலையிலிருந்து மூட்டை மூட்டையாக வரும். தோலும் விதையும்தான். அங்கே அதை மாட்டுக்குப் போடுவார்கள், இல்லையென்றால் கொட்டிவிடுவார்கள். தெற்கு லண்டனில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்த சந்திரவதனா அதை உலர்த்தி, அரைத்து, உலையில் சாம்பலாக்கி, பொட்டாசியம் எவ்வளவு, கல்சியம் எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்று அளந்து எழுதுவாள். கோதுமை மாவில் உள்ளதைவிட இரும்பு நன்றாகவே கூட இருந்தது. அவளுடைய இரத்தத்தில்தான் அது குறைவென்று டொக்டர் குளிசை கொடுத்திருந்தார்.

கணவர் காலமாகி மூன்று வருடம். மகன் லதீசன் தூரத்துப் பேர்த் நகரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். தோர்ண்டன் ஹீத் வீட்டில் பாணும் தேத்தண்ணியும்தான் அவளது இரவுச் சாப்பாடு. ஒருத்திக்காக அடுப்பு மூட்ட மனம் வருவதில்லை.

2006 ஒக்டோபரில், ஆராய்ச்சி மாணவி தாரகா சொன்னாள்: “அன்ரி, மாவில ஐந்தில ஒரு பங்கு சக்கைத்தூள் போட்டு பிஸ்கற் செய்வம். ஆக்கள் சாப்பிடுவினமோ எண்டு பாக்கவேணும்.”

சந்திரவதனா அறுபது பிஸ்கற் சுட்டாள். கருஊதாவாக வந்தன. முதல் தட்டு கருகியதென்று எறிந்துவிட்டுத் திரும்பவும் சுட்டாள்.

சுவைப்பவர்கள் இருபது பேர். ஒருவர் முகம் மற்றவரைக் குழப்பக் கூடாதென்று ஆளுக்கொரு தடுப்பறையில் இருத்தினார்கள். சுவரிலுள்ள சிறு கதவைத் தூக்கி அவள் தட்டை உள்ளே தள்ள வேண்டும். பேசக் கூடாது. கைகள் மட்டுமே தெரிந்தன. திரும்பி வந்த தாள்களில் மார்க் போட்டு, ‘புளிப்பு’, ‘விதை பல்லில் சிக்குது’ என்று எழுதியிருந்தார்கள்.

பதினான்காவது தடுப்பறையின் கதவு தானாகத் திறந்தது. நரைமயிர் அடர்ந்த ஒரு கை வெறும் தட்டை நீட்டியது.

“இன்னும் ஒன்று இருக்குமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டது ஒரு வயதான குரல். “நன்றாக இருக்கிறது. நீங்களா செய்தீர்கள்?”

“ஓம்,” என்றாள், தமிழிலேயே. இரண்டு பிஸ்கற் வைத்துக் கதவை இறக்கினாள்.

எல்லாரும் போனபின் அவளே தாரகாவிடம் போய்ச் சொன்னாள். தாரகா பதினான்காவது தாளை எடுத்துக் குறுக்கே கோடு கீறினாள்.

“கதைச்சா அந்த மார்க்கை எடுக்க ஏலாது அன்ரி. நீங்கள் சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சே இராது. ஏன் சொன்னனீங்கள்?”

“நான் செய்ததை ஒராள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர், பிள்ளை. ஆரிட்டையாவது சொல்லவேணும் போல கிடந்தது.”

தாரகா ஒரு கையில் மட்டும் குளிர்க்கோட்டை மாட்டியபடி நின்றாள். “என்ன கேட்டவர்?”

சந்திரவதனா முதலிலிருந்து சொன்னாள். கையைப் பற்றி, குரலைப் பற்றி, இரண்டாகவே வைத்ததைப் பற்றி. தாரகா மறு கையையும் மாட்டாமல் கேட்டாள். பிறகு ட்ரெயினுக்கு நேரமாகிவிட்டதென்று போனாள்.

சந்திரவதனா இருபது தட்டுகளையும் கழுவத் தொடங்கினாள்.