சட்டத்தின் மறுபாதி

கூடத்தில் இருந்தவர்கள்: பேருந்துப் பட்டறையில் பெயின்ட் அடிக்கும் அப்பா, தையல் வேலை செய்யும் அம்மா, அக்கா, அக்காவின் கணவரான அத்தான், அக்கா மடியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை. பிறகு சின்னவள். ஆசிரியர் பயிற்சிக்கு எந்தக் கல்லூரியில் சேர வேண்டும் என்ற பேச்சே அவளைப் பற்றியதுதான். அவளைத்தான் யாரும் கேட்கவில்லை.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. முடிவெடுக்கிற நேரத்தில் கூடத்தில் இருக்கிற அத்தனை பேரும் சரி என்றால்தான் எதுவும் நடக்கும். சண்டை வேண்டாம் என்று அப்பா கொண்டுவந்தது. சண்டை குறையவில்லை, காரியம்தான் குறைந்தது. சோபா வாங்கும் பேச்சு நிறத்திலேயே நின்றுபோய், இன்றைக்கும் பாயில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஃப்ரிட்ஜ் வந்ததுகூட அம்மா குளிக்கப் போன நேரத்தில்தான். தலை துவட்டிக்கொண்டு அவள் வருவதற்குள் முடிவாகிவிட்டது. கூடத்தில் இல்லாதவர்களுக்குப் பேச்சில்லை. அம்மா கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, அதிலேயே பாலை வைத்தாள்.

கல்லூரிகள் இரண்டு. ஒன்று பக்கத்துத் தெருவில். பெயரைப் பதிந்தால் போதும், பரீட்சைக்கு மட்டும் முகத்தைக் காட்டலாம். இன்னொன்றுக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். அங்கே வளாகத்துக்குள்ளேயே பள்ளிக்கூடம். முதல் வாரமே வகுப்பில் பாடம் நடத்த நிறுத்திவிடுவார்கள். பின்வரிசையில் ஓர் ஆசிரியர் உட்கார்ந்து கவனித்து, எங்கே தப்பு என்று சொல்வார். சின்னவளுக்கு அங்கே இடம் கிடைத்திருந்தது. இன்று மாலைக்குள் வருகிறேன் என்று சொல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்.

"வாத்தியார் வேலைக்கு என்ன வேணும்? வாய் வேணும். பட்டம் கையில வந்தாப் போதும்" என்றார் அத்தான்.

"அப்ப நீங்களே சேரலாமே அத்தான். தகுதி நிறைய இருக்கே."

"ஏய், மாப்பிள்ளைகிட்ட என்ன பேச்சு?" என்றாள் அம்மா.

"சிரிக்கத்தான் சொன்னேன்."

"யாரும் சிரிக்கலையே."

"மாப்பிள்ளை சொல்றதும் ஒரு வகையில..." என்றார் அப்பா. அவர் பேச்சு எப்போதும் ஒரு வகையில் தொடங்கும், எந்த வகையிலும் முடியாது.

"வீட்டோட இருந்து படிக்கட்டும் மாமா. குழந்தையையும் பார்த்துக்குவா."

காலையிலிருந்து சுற்றி வளைத்த பேச்சு வந்து சேர்ந்த இடம் இதுதான். அக்கா மருத்துவமனை வரவேற்பில் வேலைக்குப் போகும்போதெல்லாம் குழந்தை சின்னவள் இடுப்பில்தான்.

போன வருடம் அவள் ஒரு பள்ளியில் தற்காலிகமாகக் கணக்கு எடுத்தாள். வகுப்பு சந்தைக்கடையாக இருந்தது. பின்னத்தை வகுக்கும்போது எதற்கு மிஸ் தலைகீழாகப் போட்டுப் பெருக்க வேண்டும் என்று ஒரு பெண் கேட்டது. சின்னவளுக்குப் போடத் தெரியும், ஏன் என்று சொல்லத் தெரியாது. "சொன்னதை எழுது" என்று கத்தினாள். அந்தப் பெண் அதற்குப் பிறகு எதையும் கேட்கவில்லை.

"எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியல அத்தான். மறுபடி அப்படிப் போய் நிக்க மாட்டேன்."

"எல்லாரும் அப்படித்தான் நிக்கிறாங்க. போகப் போகப் பழகிடும்."

"எனக்குப் பழகிடும். பிள்ளைங்களுக்கு?"

அம்மா கையிலிருந்த ரவிக்கையில் பிரிக்க வேண்டாத தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சின்னவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அத்தான் கடிகாரத்தைப் பார்த்தார். மருந்துக் கிடங்கில் அவருக்கு மதிய ஷிஃப்ட். "நான் வேண்டாம்னு சொல்லியாச்சு. ஒருத்தர் வேண்டாம்னா வேண்டாம். அதானே உங்க வீட்டுச் சட்டம்?"

கல்யாணமாகி இத்தனை நாளில் சட்டத்தில் பாதியைத்தான் அவர் தெரிந்துவைத்திருந்தார். சின்னவள் மேலும் சண்டைக்கு வாயைத் திறந்தாள். அதுவரை வாயே திறக்காத அக்கா முந்திக்கொண்டாள்.

"கிளம்புங்க. லேட்டாப் போனா சூப்பர்வைசர் கத்துவார்."

"நீ என்ன சொல்ற இதுல?"

"நான் என்னங்க சொல்றது? நேரமாச்சுன்னு சொல்றேன்."

குழந்தையை அப்பா மடியில் கிடத்திவிட்டு, ஹெல்மெட்டை அவளே எடுத்துக் கொடுத்தாள். வாசல்வரை கூடவே போனாள்.

"உன் தங்கச்சிக்கு எடுத்துச் சொல்லு" என்றார் அத்தான், படியில் நின்று.

"ம்."

வண்டி கிளம்பும் சத்தத்துக்குக்கூட அவள் காத்திருக்கவில்லை. கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாளைப் போட்டாள், பூட்டில் சாவியை இரண்டு சுற்றுத் திருப்பினாள்.