சுகம் பெற்றுக்கொண்டேன்

என் மனுசனை நேற்று அடக்கம் பண்ணினோம். "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று மரண அறிவித்தலில் போட்டிருந்தார்கள். நித்திரையாம்! உயிரோடு இருந்தபோது அந்த மனுசன் ஒரு நாளாவது ஒழுங்காக நித்திரை கொண்டாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. நிலாவெளியில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் ஜெபிக்க விடியமுன் மோட்டார் சைக்கிளில் ஓடுவார். திரும்பி வந்து சோற்றில் கை வைக்கமுன் போன் அடிக்கும். கையைக் கழுவிவிட்டு எழும்புவார். ஆடுகளுக்கு மேய்ப்பன் இருந்தார், மேய்ப்பனைப் பார்க்கத்தான் ஒரு நாயும் இல்லை.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். நோய் வந்த வருத்தக்காரர் "நோகுது" என்று சொல்லக்கூடாது. ஜெபித்த உடனே "சுகம் பெற்றுக்கொண்டேன்" என்று வாயால் அறிக்கை செய்ய வேண்டும். நோ போனதா இல்லையா என்பது பிறகு. நோகுது என்று சொன்னால் விசுவாசம் இல்லை என்று அர்த்தம். பதினெட்டு வருசமாக இதைப் படிப்பித்தவர் என் மனுசன் ஆனந்தராசா பாஸ்டர்தான். நானும் முன்வரிசையில் இருந்து கை தட்டினேன், இல்லை என்று சொல்லமாட்டேன்.

மாசி மாதம் தொடக்கம் அவருக்கு நெஞ்சு நோ. நாலு படி ஏறினால் வேர்த்துக் கொட்டும், இடது கை விறைக்கும்.

"கிளினிக்குக்குப் போவம் வாங்கோப்பா" என்றேன்.

"சபை என்ன நினைக்கும்?"

"சபையோ வந்து உங்கட நெஞ்சுக்குள்ள இருந்து நோகுது?"

கடைசியில் குசினியைப் பூட்டினேன். கிளினிக்குக்கு வந்தால்தான் அடுப்பு எரியும் என்றேன். வந்தார், பாவம்.

அங்கே போனால் நோயாளர் இருக்கும் வாங்கில் பாக்கியரத்தினம் இருக்கிறார்! துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பாஸ்டரின் ஜெபத்தால் தன் இருதய வருத்தம் பறந்துவிட்டது என்று இரண்டு கிழமைக்கு முன்னர்தான் சபையில் சாட்சி சொன்னவர். எங்களைக் கண்டதும் திடுக்கிட்டு எழும்பினார்.

"மச்சானுக்குத் துணைக்கு வந்தனான், பாஸ்டர்."

என் மனுசனின் முகம் செத்துப்போனது. பாக்கியரத்தினத்துக்குப் பக்கத்தில் போய் இருந்தார்.

மேசையில் விவரம் எழுதியது கிண்ணியாவைச் சேர்ந்த சித்தி பரீதா என்ற முஸ்லிம் நேர்ஸ். "நெஞ்சில நோவு இரிக்கா ஐயா?" என்று கேட்டாள்.

அவர் பாக்கியரத்தினத்தைப் பார்த்தார். "சுகம் பெற்றுக்கொண்டேன்" என்றார்.

எங்கள் சபைப் பாஷை அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? "அல்ஹம்துலில்லாஹ். அப்ப நோவு இல்லத்தானே? மூச்சு வாங்குதா? கைக்கு இழுக்குதா?"

எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றார். அவள் சந்தேகத்தோடு என்னைப் பார்த்தாள். "உண்மையா அம்மா?"

"அல்லேலூயா!" என்றார் பாக்கியரத்தினம்.

நான் "ஓம், உண்மைதான்" என்றேன்.

என்ன வாய் இது! வீட்டில் அந்த மனுசனை நாள் முழுக்கத் திட்டிய வாய், திறக்கவேண்டிய இடத்தில் ஊருக்குப் பயந்துவிட்டது. "நோவு உள்ளாக்களத்தான் இண்டைக்கு முதல்ல டொக்டரிட்ட விடுறம். நீங்க வாற புதன் வாங்க, ஈசிஜி எடுப்பம்" என்று அவள் திகதி போட்டுத் தந்தாள். அவளில் ஒரு பிழையும் இல்லை. கேட்டாள், நாங்கள் பொய் சொன்னோம். செவ்வாய் பின்னேரம் ஒரு வீட்டில் ஜெபிக்க முழங்காலில் நின்றவர் எழும்பவில்லை.

நேற்று சவக்காலையில் எல்லோரும் கலைகிற நேரம் பாக்கியரத்தினம் கிட்ட வந்தார். அவரைக் கண்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவருக்கு நோ இருந்தது. உங்களைக் கண்டுதான் மறைச்சவர். தெரியுமோ?" என்றேன்.

மனுசன் விக்கி விக்கி அழுதார். "எனக்கும் நோதான் அம்மா. மச்சான் ஒருத்தரும் வரேல்ல. எனக்குத்தான் கிளினிக். சாட்சி சொன்ன வாயால எப்பிடி நோகுதெண்டு சொல்லுறது? பாஸ்டரே சுகமெண்டு சொன்னதும் வெக்கமாப் போச்சு. கிளினிக் கொப்பியைச் சேட்டுக்குள்ள ஒளிச்சுக்கொண்டு எழும்பி வந்திட்டன்."

இரண்டு வருத்தக்காரர்கள் ஒரே வாங்கில் இருந்து, ஒருவருக்கொருவர் பயந்து, இரண்டு பேரும் வைத்தியரைப் பார்க்காமல் வந்திருக்கிறார்கள். அட கடவுளே!

"இப்பவும் நோகுதா?"

நெஞ்சைத் தடவினார். "மெதுவாக் கதையுங்கோ அம்மா. சபை மூப்பர் வாறார்."

நான் மெதுவாகக் கதைக்கவில்லை. "இந்த மனுசனுக்கு நெஞ்சு நோகுது! ஆரும் ஒரு ஓட்டோ பிடியுங்கோ!" என்று கத்தினேன். எல்லோரும் ஓடிவந்தார்கள். ஓடிவந்து அவரைச் சுற்றி நின்று தலையில் கை வைத்து ஜெபிக்கத் தொடங்கினார்கள். ஓட்டோ பிடிக்க ரோட்டுக்கு ஓடியது நான் ஒருத்திதான்.

ஓட்டோவோடு வந்தபோது ஜெபம் முடிந்திருந்தது. பாக்கியரத்தினத்தின் சேட்டு வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"இப்ப நோ இல்லை அம்மா. போயிட்டுது" என்றார்.

"பொய்! ஏறுங்கோ!" கையைப் பிடித்து இழுத்தேன். அவர் அசையவில்லை.

மூப்பர் என் கையை மெல்ல விலக்கிவிட்டார். "துக்கத்தில இருக்கிறீங்கள் அம்மா. மற்ற ஆக்களின்ர விசுவாசத்தைக் குழப்பாதேங்கோ" என்றார்.