அழாத வாரிசு

மாவட்டச் செயலாளர் மூன்றாவது முறையாகக் குலுங்கி அழ ஆரம்பித்தபோது, இறந்துபோன எம்.எல்.ஏ.வின் மகள் மனசுக்குள் குடற்புழு மருந்தின் அளவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கன்றுக்கு இவ்வளவு, கறவை மாட்டுக்கு இவ்வளவு. அவள் அரசு கால்நடை மருத்துவர்.

அழுதால் தொலைந்தாள். பதவியில் இருப்பவர் செத்தால் இடைத்தேர்தலுக்கு ஆள் பிடிப்பது துக்க வீட்டிலேயே நடக்கும். வாரிசுகளில் யார் கேமரா முன்னால் நன்றாக அழுகிறாரோ அவருக்கே சீட்டு. கட்சியின் எழுதாத சட்டம் அது. வேண்டாம் என்றால் வேலை எந்தக் காட்டுக்கு மாற்றலாகும் என்று சொல்ல முடியாது.

கூடத்துக் கட்டிலில் அப்பா மாலைகளுக்கு அடியில் கிடந்தார். ஐந்து முறை நின்று மூன்று முறை ஜெயித்தவர். ஆற்றுக்குப் பாலம் கொண்டுவருவதாக நான்கு தடவை அடிக்கல் நாட்டினார். அந்தக் கற்களை வரிசையாகப் போட்டிருந்தாலே ஜனம் இந்நேரம் அக்கரை சேர்ந்திருக்கும். ஆனால் மகளுக்குக் காய்ச்சல் என்றதும் மந்திரியை மேடையிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தவரும் அவர்தான். அந்த நினைப்பு வந்ததும் அவள் அவசரமாக எருமைக்கான அளவுக்குத் தாவினாள்.

அப்போதுதான் சித்தப்பா வந்து சேர்ந்தார். இருபது வருஷமாக அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லாதவர், வாசலிலிருந்து கட்டில் வரை புரண்டே வந்தார். வெளிச்சம் போதவில்லை என்று கேமராக்காரர் முணுமுணுத்ததும், திரும்பிப் போய் இன்னொரு முறை புரண்டார்.

செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மா பக்கம் குனிந்தார்.

"அண்ணி, மேலிடத்துல உங்க பொண்ணத்தான் நெனச்சிருந்தாங்க. ஆனா கல்லு மாதிரி நிக்குதே. இதக் கூட்டிட்டுப் போயி எப்படி ஓட்டுக் கேக்குறது?"

"அவ சின்ன வயசுலேர்ந்தே நெஞ்சழுத்தக்காரி," என்றாள் அம்மா.

"அப்ப தம்பியவே பாத்துக்கலாமா?"

"உங்க இஷ்டம். அவருதான் பாவம், ரொம்ப ஒடஞ்சு போயிட்டாரு."

மேலிடத்தைப் பார்த்துவிட்டு அடக்கத்துக்குள் திரும்பிவிடுவதாகச் சொல்லிவிட்டு, சித்தப்பா முதல் காரின் முன்சீட்டில் ஏறினார். மற்ற கார்களும் பின்னாலேயே போயின. அம்மா கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

"போயிட்டாங்கடி. இப்ப அழுதுக்கோ."

மகள் கட்டிலருகே உட்கார்ந்தாள். மாலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தாள். எல்லாப் போட்டோக்களிலும் இருப்பதுபோலவே அப்பாவின் கழுத்துப் பட்டன் இறுகப் போட்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டாள்.