மேனேஜருக்கு மேலே ஒருத்தி

கண்ணாடிக் கடையில் பில் போடுவது அவள் வேலை. கைச்செலவுக்கு ஆகட்டுமே என்று அக்காவின் பேச்சைக் கேட்டு, ஆள் சேர்த்து சோப்பு விற்கும் கம்பெனி ஒன்றிலும் சேர்ந்திருந்தாள். சொந்தக்காரர்கள் அவளைக் கண்டாலே வேறு தெருவுக்குள் நுழைந்தார்கள். அவள் பேச்சுக்கு மசிந்தவர் கடை மேனேஜர் ஒருவர்தான். அவளுக்குக் கீழே உறுப்பினரானதிலிருந்து அவளை மேடம் என்றே கூப்பிட்டார்.

ஒருநாள் மதியம், "மேடம், வேலையை விட்டுட்டு முழு மூச்சா இதுல இறங்கிடலாம்னு பாக்கறேன். நீங்களும் வந்துடுங்க," என்றார்.

அவள் பில் போடுவதை நிறுத்தினாள். "சார், இதுவரைக்கும் எத்தனை சோப்பு வித்தீங்க?"

"மாமியார் ஒண்ணு வாங்கினாங்க. அதையும் திருப்பிக் குடுத்துட்டாங்க."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சிரித்துவிட்டார்.

"என் சோப்பை நானேதான் தேய்ச்சுக் குளிக்கிறேன் சார். மாசம் பொறந்தா நமக்குச் சம்பளம் குடுக்கறது இந்தக் கடைதான். விடறதுன்னா சோப்பை விட்டுடலாம்."

மிச்சமிருந்த சோப்புகளைக் கடையின் கைகழுவும் இடத்தில் அடுக்கினார்கள். மறுநாள் கை கழுவிய வாடிக்கையாளர் ஒருவர், "வாசனை நல்லா இருக்கே, எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார்.

"நாலஞ்சு எடுத்துட்டுப் போங்க, காசு வேண்டாம்," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.