அலை உடையாத இடம்

செத்த வீட்டின் முப்பத்தோராம் நாள் விடியவே ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். பரமலிங்கம் பந்தலுக்குப் பின்னால் விறகு கொத்திக்கொண்டு நின்றார். விறகு போதும் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டார்கள். கோடரியைக் கீழே வைத்தால் வந்தவர்களுக்கு முகம் கொடுக்க வேண்டும். முகம் கொடுத்தால் அந்தக் கதையைக் கேட்க வேண்டும்.

கதை முத்தையன்கட்டு முழுக்கப் பரவியிருந்தது. அவருடைய மைத்துனன் ஜனார்த்தனன் தகப்பனின் சாம்பலைக் கரைக்க முல்லைத்தீவுக் கடலில் இறங்கி இழுபட்டுப் போனான். கரையில் மீன்வாடிக் கொட்டில் வைத்திருக்கும் நவ்பர் என்ற முஸ்லிம் கடலை அறிந்தவன். இறங்கும்போது பார்த்துக்கொண்டு நின்றானே தவிர ஒரு சொல் எச்சரிக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு படகைத் தள்ளி நடித்தான். இதுதான் கதை. யார் முதலில் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. பரமலிங்கம் சொல்லவில்லை. ஆனால் பொய் என்றும் அவர் சொல்லவில்லை.

நவ்பர் எச்சரித்திருந்தார். பரமலிங்கத்திடம்தான்.

மாமனார் அப்புத்துரையின் சாம்பலைக் கரைக்கும் அந்தியேட்டி அன்று மாரி ஓய்ந்து வானம் துடைத்துவிட்டாற் போல இருந்தது. ஐயர் கரையில் கிரியையை முடித்துச் சாம்பல் சட்டியை ஜனார்த்தனனின் தோளில் வைத்தார்.

"அக்கா, அப்பா எத்தினை தரம் கேட்டவர், என்னை ஒருக்காக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போடா எண்டு. இப்ப சட்டிக்குள்ள இருந்து பாக்கிறார்" என்றான் ஜனார்த்தனன்.

"வாயை மூடிக்கொண்டு நில்லடா, ஐயர் முறைக்கிறார்" என்றாள் இரஞ்சிதம். சொல்லிவிட்டு அவளும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தம்பி எதைச் சொன்னாலும் அவளுக்குச் சிரிப்பு.

மனைவியையும் மைத்துனனையும் அங்கே விட்டுவிட்டு, இறங்க நல்ல இடம் பார்க்கப் பரமலிங்கம் முன்னே நடந்தார். முப்பது வருடமாகக் குளத்துத் துருசைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடுபவர் அவர். தண்ணீர் விஷயத்தை அவரிடம் விடுவதுதான் அந்தக் குடும்பத்து வழக்கம்.

இரண்டு பக்கமும் அலைகள் வெள்ளையாக உடைந்து விழுந்தன. நடுவே பதினைந்து இருபது பாகம், நூறடி போல, அகலத்தில் ஒரு துண்டுக் கடல் மட்டும் அலையில்லாமல் கிடந்தது. நிறம் கொஞ்சம் கறுத்து, மேலே எண்ணெய் பூசியது போல மினுங்கியது. நுரைத் துண்டுகளும் சருகுகளும் அதில் மெல்ல மெல்ல வெளிப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. பரமலிங்கத்துக்குப் பார்த்த உடனேயே மனம் நிறைந்துவிட்டது. அலை உடையும் இடத்தில் கரைத்தால் சாம்பல் காலைச் சுற்றிக்கொண்டு கரைக்கே வரும். அப்படித் திரும்பி வருவது கூடாது என்பார்கள். இங்கே விட்டால் நேரே போய்விடும். குளத்திலும் அப்படித்தான். கட்டையும் கல்லும் கிடக்கிற இடத்தில் தண்ணீர் சலசலக்கும். அமைதியாகக் கிடக்கிற இடத்தில்தான் மாட்டை நம்பி இறக்கலாம்.

வாடியில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த நவ்பர் எழுந்து வந்தார்.

"அண்ணே, அதில இறங்க விடாதீங்க. அலை உடையிற இடத்தில நிண்டு முழுகச் சொல்லுங்க."

"அலை அடிச்சு விழுத்துமே, தம்பி."

"விழுத்தினாலும் கரைக்குத்தான் தள்ளும். இது அமசடக்குக் கள்ளன், சத்தமில்லாமக் கிடக்கும். வெளிய இழுத்துக்கொண்டு போயிரும். முந்தாநாள் அந்தப் பனையடியில கிடந்தது, இண்டைக்கு இங்க வந்திருக்கு. ஏனெண்டு எங்களுக்கே விளங்கிறல்ல."

"நான் முப்பது வருசமாத் தண்ணியோட கிடக்கிற ஆள்."

"அது குளம் அண்ணே" என்று நவ்பர் சிரித்தார். ஏளனமாகச் சிரிக்கவில்லை. ஆனாலும் அந்தச் சிரிப்பு பரமலிங்கத்துக்குச் சுருக்கென்று தைத்தது.

காற்று கடலிலிருந்து பலமாக அடித்தது. தள்ளி நின்ற ஒருவருக்கும் இந்தப் பேச்சுக் கேட்கவில்லை. ஜனார்த்தனன் சட்டியோடு வந்தான்.

"அத்தான், எதில?"

"இதில இறங்கு. சாம்பல் திரும்பி வராது."

சாம்பல் திரும்பி வரவில்லை. ஜனார்த்தனன் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கடலுக்கு முதுகு காட்டியபடி சட்டியைப் பின்னால் விட்டான். சாம்பல் ஒரு கோடு போல நேரே வெளியே போனது. பரமலிங்கம் நவ்பரைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தாயா என்று கேட்கிற பார்வை. எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்தார் என்பது அவருக்குத் தெரியாது. திரும்பியபோது ஜனார்த்தனன் மூன்றாம் முழுக்குப் போட்டு எழும்பியிருந்தான். ஆனால் நின்ற இடத்தில் இல்லை. இருபது பாகம் தள்ளித் தலை மட்டும் தெரிந்தது.

நவ்பர் தண்ணீருக்குள் ஓடினார். கையைப் பக்கவாட்டில் வீசி வீசிக் கத்தினார்.

"கரைக்கு வராத! பக்கத்தால போ! அலைக்குள்ள போ!"

அதே நேரம் பரமலிங்கமும் கத்தினார். "நேர வாடா! என்னைப் பாத்து நேர வா!"

பின்னால் பெண்கள் குழறி அழத் தொடங்கியிருந்தார்கள். ஜனார்த்தனன் ஒரு கணம் நீந்தாமல் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அத்தானைப் பார்த்து நேரே நீந்தினான். குளத்தை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்திக் கடப்பவன். கையைக் காலைப் போட்டு அடித்தான். அடித்து அடித்து அதே இடத்தில் கிடந்தான். பிறகு அதே இடத்திலும் இல்லை. நவ்பர் படகைத் தள்ளி இயந்திரத்தை முடுக்கியபோது இரண்டு கைகள் தெரிந்தன. படகு போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் மட்டும் மினுங்கியது. மூன்றாம் நாள் அளம்பில் ஊர்ப் பக்கம் உடல் ஒதுங்கியது.

அவனுடைய சாம்பலைக் கடலுக்குக் கொடுக்க மாட்டேன் என்று அவன் மனைவி சுகந்தினி ஒரே பிடியாக நின்றாள். நேற்றுப் பேராற்றில்தான் கரைத்தார்கள். அந்த ஆறும் போய்ச் சேர்வது கடலுக்குத்தான் என்பது பரமலிங்கத்துக்குத் தெரியும். சொல்லவில்லை. தண்ணீரைப் பற்றி இப்போது அவர் யாருக்கும் எதுவும் சொல்வதில்லை.

பத்து மணி போல வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. நவ்பர் இறங்கினார். கையில் இரண்டு சீப்புக் கதலிப்பழம். சுகந்தினி வெளியே வந்தாள்.

"ஆர் உங்களை வரச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லல்ல, தங்கச்சி. வரோணும் போல இருந்துச்சு."

"அண்டைக்கு ஒரு சொல் சொல்லியிருந்தா இண்டைக்கு நீங்க இஞ்ச வரத் தேவையில்லை. அப்ப என்ன, வாயில கொழுக்கட்டையே இருந்தது?"

"அவையளுக்கு எங்கட சாவு ஒரு சாவே, பிள்ளை?" என்று பந்தலுக்குள்ளிருந்து யாரோ கேட்டார்.

நவ்பர் பரமலிங்கத்தைப் பார்த்தார். குற்றம் சாட்டும் பார்வை இல்லை. காத்திருக்கும் பார்வை. அது கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் கீழே இறங்கியது.

"மன்னிச்சுக்கங்க, தங்கச்சி" என்றார். பழத்தைப் பந்தல் காலடியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

மோட்டார் சைக்கிள் முதல் உதைக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவதுக்கும் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் வாய் திறந்திருப்பாரா என்பது பரமலிங்கத்துக்கு இன்றுவரை தெரியாது.

"அவர் சொன்னவர்" என்றார்.

ஒருவரும் விளங்கிக்கொள்ளவில்லை. மறுபடி சொன்னார்.

"அதில இறங்க விடாதீங்கோ எண்டு என்னட்டச் சொன்னவர். நான்தான் கேக்கேல்லை. அதில இறங்கு எண்டு ஜனாவுக்குக் காட்டினது நான். நேர வா எண்டு கத்தினதும் நான். இவர் பக்கத்தால போகச் சொன்னவர்."

இரஞ்சிதம் அகப்பையோடு குசினி வாசலில் நின்றாள். "முப்பத்தொரு நாள்" என்றாள். "முப்பத்தொரு நாளா என்ர பக்கத்தில படுத்துக் கிடந்தனீங்கள். நான் இந்த மனிசனைத் திட்டித் திட்டி அழேக்க என்ர முதுகைத் தடவி விட்டனீங்கள்."

அவர் கோடரியைக் கீழே வைத்தார்.

சுகந்தினி அழவில்லை. "அண்ணை, அவருக்கு ரெண்டு பேரும் கத்தினது கேட்டதோ?"

"கேட்டது. ரெண்டு பேரையும் பாத்தவன்."

"பாத்திட்டு உங்களிட்ட வந்தவர்."

"ஓம், பிள்ளை."

அவள் கொஞ்ச நேரம் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், அந்த முகத்தில் அவன் எதைக் கண்டு வந்தான் என்று தேடுகிறவள் மாதிரி. பிறகு வாசலுக்குப் போய் மோட்டார் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"இறங்குங்கோ அண்ணை. சாப்பிட்டிட்டுத்தான் போகோணும்."

"வேண்டாம், தங்கச்சி..."

"இறங்குங்கோ."

முதல் பந்தியில் நவ்பருக்கு இலை போட்டாள். சோற்றையும் தானே பரிமாறினாள். நவ்பர் இலையில் கை வைக்காமல் வெளியே பார்த்தார். "அந்த அண்ணனும் வரட்டுமே" என்றார்.

சுகந்தினி குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள். கேட்டதாகக் காட்டவில்லை. இரஞ்சிதம் அடுத்த இலைக்குப் போனாள்.

பரமலிங்கம் வெயிலில் நின்றார். அவரை ஒருவரும் போகச் சொல்லவில்லை. வந்து இருக்கவும் சொல்லவில்லை. மூன்று பந்தி முடியும்வரை அப்படியே நின்றார்.