எட்டாவது ஓட்டு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மலர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, மகள் சாந்தினி பழைய கைப்பேசி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். ஒளிந்து விளையாடும் கேமில் எட்டுப் பேர் சேர்ந்தால்தான் ஆட்டம் தொடங்குமாம். ஒரு தோழி குளுவாங் ஊருக்குப் போய்விட்டாளாம். சும்மா உள்ளே வந்து நடந்தால் போதும் என்றாள். அம்மா என்று தெரிந்தால் கிண்டல் செய்வார்கள் என்பதால், பெக்கோக்கில் இருக்கும் அத்தை மகன் ரூபேந்திரன் வருவதாகச் சொல்லி வைத்திருந்தாள். மைக்கை அணைத்து, எதைத் தொட்டால் நடக்கும், எதைத் தொட்டால் அடிக்கும் என்று காட்டிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மலருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இடைநிலைப்பள்ளியில் படிவம் இரண்டுக்குப் போனதிலிருந்து சாந்தினி வீட்டில் பேசுவதே குறைந்துவிட்டது. பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டால் "ஓகே" என்பதோடு சரி. அப்படிப்பட்டவள் தானாக வந்து கூப்பிட்டிருக்கிறாள். மலர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தாள்.

திரையில் மூன்று படங்கள் வந்தன. எந்த வகை ஆட்டம் என்று ஆளுக்கொரு ஓட்டுப் போட வேண்டும். முதலாவதில் பாதிப் பேர் ஒளிவார்கள், பாதிப் பேர் தேடுவார்கள். இரண்டாவதில் பிடிபட்டவரும் தேடுகிற பக்கம் சேர்ந்துகொள்வார். மூன்றாவதன் பெயர் ஹன்ட், அதாவது வேட்டை. அதில் ஒருவர் மட்டும் ஒளிய வேண்டும், மற்ற ஏழு பேரும் கட்டையோடு தேடுவார்கள். மூன்று முறை பிடிபட்டால்தான் ஆட்டம் முடியும்.

மலர் முதல் படத்தைத் தொட்டாள். ஆட்டத்தில் அவளுக்கான சின்ன முகம் அதன் கீழே போய் நின்றது. மற்ற முகங்கள் ஒவ்வொன்றாக ஹன்ட்டின் கீழே சேர்ந்தன. ஏழாவதாக வந்தது பச்சைத் தொப்பி போட்ட பூனை. அது சாந்தினி.

அந்த ஆட்டத்தை நடத்துகிறவள் லோகேஸ்வரி என்ற பெண். யார் ஒளிவது என்று அவள் முடிவு செய்ய வேண்டும். "சாந்தினியே ஒளியட்டும் லா. அவ மாட்டிக்கிட்டு முழிக்கிறதுதான் பார்க்க நல்லா இருக்கும்," என்றாள். யாரும் மறுக்கவில்லை. எப்போதும் அப்படித்தான் போலிருக்கிறது என்று மலருக்குப் புரிந்தது.

இடம் ஒரு பெரிய கடை. ஒளிகிறவர் அங்கிருக்கும் பொருளில் ஒன்றாக மாறிக்கொள்ளலாம். மலர் தட்டுத்தடுமாறிப் பின்பக்கத்துக் கிடங்குக்குப் போனாள். அங்கே பெட்டிகள் அடுக்கடுக்காக இருந்தன. பதினோரு வருடமாகத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவள் அவள். ஓர் அடுக்கில் மட்டும் ஒரு பெட்டி அதிகமாக இருந்ததை உடனே கண்டுகொண்டாள். தாண்டிப் போய்விடத்தான் நினைத்தாள். ஆனால் விரல் எங்கே பட்டதோ, உருவம் அந்த இடத்திலேயே சுவரில் முட்டி முட்டி நின்றது.

"ரூபேந்திரன் ஏன் அங்கயே நிக்கிறான்?" என்று ஒருத்தி கேட்டாள். அவ்வளவுதான். ஆறு பேரும் ஓடிவந்து அந்தப் பெட்டியை அடித்தார்கள். பூனை வெளியே விழுந்தது. எழுந்து ஓடப் பார்த்தது, வாசலில் நின்று மடக்கினார்கள். உடம்பைப் பற்றியும் தலையில் வைக்கும் எண்ணெயைப் பற்றியும் ஏதேதோ சொல்லிச் சிரித்தார்கள். சாந்தினியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முதலில் சாத்திய கதவுக்குள்ளிருந்து கேட்டது, பிறகு மலரின் கையிலிருந்த கைப்பேசியில் கேட்டது.

இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அப்படியே நடந்தது. மலர் ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தாள். மைக்கைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லலாம். சொன்னால் நாளைக்குப் பள்ளியில் மகளுக்கு என்ன நடக்கும் என்று தெரியவில்லை. திறக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் அவள் அறைக்குள் போனாள்.

"நீ ஏன்மா அதுக்கே ஓட்டுப் போட்ட?"

சாந்தினி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போடலன்னா அடுத்த வாரம் கூப்பிட மாட்டாங்கம்மா."

"கூப்பிடலன்னா போகட்டும்."

"ஈஸியா சொல்லிட்டீங்க. ரெஸ்ட் நேரத்துல கேன்டீன்ல நான் யார்கூட உட்காருறது?"

 வகுப்பாசிரியரிடம் பேசட்டுமா என்று மலர் கேட்டாள். பேசினால் இனிப் பள்ளிக்கூடமே போக மாட்டேன் என்றாள் சாந்தினி. குரலை உயர்த்தவில்லை. அது மலரை இன்னும் பயமுறுத்தியது.

சிங்கப்பூரில் வேலை செய்யும் கணவன் மதிவாணனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். கைப்பேசியைப் பிடுங்கி வை, எல்லாம் சரியாகிவிடும் என்றான். அவளும் செவ்வாய்க்கிழமை மகளின் கைப்பேசியை வாங்கி அலமாரியில் வைத்தாள். சாந்தினி அழவில்லை, சண்டை போடவும் இல்லை. புதன்கிழமை சாப்பிடாமல் பள்ளிக்குப் போனாள். வியாழக்கிழமை வயிற்று வலி என்று போர்த்திப் படுத்துக்கொண்டாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் சூடு இல்லை. அன்று மலர் ஷிப்டுக்குப் போகாமல் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். என்ன கேட்டாலும் மகள் சுவரைப் பார்த்துக்கொண்டே தலையை மட்டும் அசைத்தாள். மாலையில் கைப்பேசியை எடுத்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள் மலர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, குளுவாங்குக்குப் போன அந்தத் தோழி வந்துவிடுவாள் என்று மலர் நம்பிக்கொண்டிருந்தாள். அவள் வரவில்லை. சாந்தினி பழைய கைப்பேசியோடு ஹாலுக்கு வந்தாள். இந்த முறை அறைக்குத் திரும்பவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"ம்மா, போன வாரம் நீங்க மட்டும் வேற மோட்ல போட்டீங்க. லோகேஸ்வரிக்குப் பிடிக்கல. உன் கசின் பெரிய நல்லவனான்னு கேட்டா."

"சரி."

"இன்னிக்கு நீங்களும் ஹன்ட்டே போடுங்க. ப்ளீஸ்மா."

மூன்று படங்கள் வந்தன. மேலே பத்து நொடியிலிருந்து எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. பூனையின் முகம் ஏற்கெனவே ஹன்ட்டின் கீழே நின்றது. மலர் மகளைப் பார்த்தாள். சாந்தினி அம்மாவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று நொடி இருக்கும்போது மலர் ஹன்ட்டைத் தொட்டாள்.

"தேங்க்ஸ்மா," என்று மெல்லச் சொல்லிவிட்டு, சாந்தினி ஒளிய இடம் தேடத் தொடங்கினாள்.