ஒலிபெருக்கியில் என் மகளின் வருத்தம்

என் கணவர் மில்ரன் நல்ல மனுசன். அதுதான் பிரச்சினையே. கொஞ்சம் கெட்ட மனுசனாக இருந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார்.

மகள் பிறந்தபோது குதிக்காலில் குத்தி எடுத்த இரத்தத்தின் முடிவைச் சொல்ல, மிட்வைஃப் சுபத்திரா மிஸ் வீட்டுக்கே வந்தார். அறைக்கதவைச் சாத்திவிட்டு, எங்கள் இருவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார். பிள்ளைக்குத் தைரொயிட் குறைவு. தினமும் காலையில் மருந்துக் குளிசையைப் பொடியாக்கிக் கொடுத்தால் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்வாள். கொடுக்காமல் விட்டால்தான் மூளை வளர்ச்சி பாதிக்கும்.

"நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை. நானும் சொல்லமாட்டன்," என்றார் மிஸ்.

அந்தச் சொல்லே எனக்குப் போதுமாக இருந்தது. எங்கள் கரையில் ஒரு பிள்ளைக்குப் பட்டம் வைத்தால் அது கலியாணம் வரைக்கும் கூடவே வரும். ஞானஸ்நானப் பெயர் வைக்க முதலே என் மகளுக்கு ஊர் பெயர் வைத்துவிடக் கூடாது.

அடுத்த ஞாயிறு நான் பிள்ளையோடு வீட்டில் இருந்தேன். அந்தோனியார் கோயில் ஒலிபெருக்கியில் பூசைக் கருத்துகளை, அதாவது யார் யாருக்காக எதை வேண்டிப் பூசை என்பதை, வாசித்தார்கள். வாசித்தவர் கோயில் மூப்பர் அமிர்தநாயகம். அவருடைய குரல் கடலில் நிற்கிற போட்டுக்கும் கேட்கும்.

"மில்ரன், றொஷேல் தம்பதியினரின் பெண் குழந்தையின் தைரொயிட் வருத்தம் நீங்கி, மூளை நல்லபடி வளர வேண்டி…"

நான் ஓடிப்போய் யன்னலைச் சாத்தினேன்.

பூசை முடிந்து மில்ரன் சந்தோசமாக வந்தார். கருத்துக் கொடுத்தது அவர்தானாம்.

"பிள்ளைக்குச் சுகமில்லை எண்டு மட்டும் குடுத்திருக்கலாமே!"

"என்ன வருத்தம் எண்டு சொல்லாட்டி அந்தோனியாருக்கு எப்பிடித் தெரியும்?"

அழுவதா, சண்டை பிடிப்பதா என்று தெரியவில்லை. பிள்ளைக்காக முழங்காலில் நின்றுவிட்டு வந்த மனுசனோடு என்னத்தைச் சண்டை பிடிக்க?

பின்னேரமே சனம் வரத் தொடங்கியது. பிஸ்கட் பெட்டியோடு வந்து பிள்ளையின் நாக்கைப் பார்த்தார்கள். கண்ணுக்கு முன்னால் விரலை ஆட்டிப் பார்த்தார்கள். "பாவம், வடிவான பிள்ளை," என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லாரும் போனபின், கொல்லைப்பக்கத்தால் அன்ரோனெற் வந்தாள். பக்கத்து வளவுக்காரி. அவளுக்கும் இப்போதுதான் ஆண்பிள்ளை பிறந்திருந்தது. மகனைச் சீலைத் தலைப்பால் மூடியிருந்தாள்.

"அக்கா, மிஸ்தானே கோயிலில சொன்னவ?"

"ஏன் கேக்கிறாய்?"

அவள் சீலைத் தலைப்பை இன்னும் இழுத்து மூடினாள். "இவனுக்கும் திரும்ப இரத்தம் பாக்கவேணுமாம். கெதியா கொண்டுவரச் சொல்லி மிஸ் போன் எடுத்துக்கொண்டே இருக்கிறா. நான் போகமாட்டன். போனா, வாற ஞாயிறு இவனையும் வாசிப்பினம்."

அதுவரை கோபத்தில் இருந்த எனக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. என் பிள்ளைக்காவது குளிசை தொடங்கியாயிற்று.

"மிஸ் இல்லையடி. என்ர மனுசன்தான் அந்தோனியாருக்கு விளக்கம் குடுத்தவர். மிஸ்ஸின்ர வாயிலயிருந்து ஒரு சொல்லும் வெளியில வராது. நாளைக்கே போவம். நானும் வாறன்."

"ஆக்கள் கேட்டா?"

"கேக்கட்டும்."

மறுநாள் பஸ்ஸில் எங்களுக்கு முன்னால் மூப்பரின் மனைவி இருந்தார். திரும்பி, எங்கள் இருவர் மடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பச்சைப் பிள்ளையளையும் தூக்கிக்கொண்டு எங்க போறியள்?"

அன்ரோனெற் என் கையைப் பிடித்தாள்.

எந்தச் சொல் ஊர்க் காதில் விழக் கூடாது என்று பயந்தேனோ, அதையே பஸ் முழுவதும் கேட்கும்படி சொன்னேன்.

"பெரியாஸ்பத்திரிக்கு, அன்ரி. என்ர பிள்ளைக்குத் தைரொயிட் வருத்தம், ஒலிபெருக்கியில கேட்டிருப்பியள்தானே. அன்ரோனெற் எனக்குத் துணைக்கு வாறாள்."

எல்லாத் தலைகளும் என் மகள் பக்கம் திரும்பின. அன்ரோனெற்றின் மகனை ஒருவரும் பார்க்கவில்லை.